காந்தப் புலத்தைச் சேர்த்ததும் பிளாஸ்மாக் கணிப்பு வெடிக்கிறது: நேரப்படியா காரணம்?

கேள்வி (வெள்ளவத்தை, மாணவன்)
வணக்கம். கொழும்புக்கு நேர்மேலே அயன்மண்டலத்தினுள் (மேல் வளியில் இலத்திரன்கள் பிரிந்து திரியும் பிளாஸ்மாப் படையினுள்) வானொலி அலை எழுவதை, யீ 1966இல் வகுத்த முறைப்படி, அதாவது வெளியைக் கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு படிகளாகவும் பிரித்து, ஒரு பரிமாணத்தில் கணிக்கிறேன். இங்கே புவிக்காந்தப் புலம் ஏறத்தாழக் கிடையாக இருப்பதால், அதை வடக்கு நோக்கி 40 மைக்ரோடெஸ்லா என எடுத்தேன். இலத்திரன் அடர்த்தி கன மீற்றருக்கு ஒரு இலட்சம் கோடி, கட்ட இடைவெளி 1 மீற்றர், நேரப்படி 3.3 நனோசெக்கன். அலையின் மின்புலம் வடக்கு-தெற்காக இருந்தால் குறையே இல்லை. கிழக்கு-மேற்காகத் திருப்பினால் வீச்சம் மெல்ல வீங்கி, விடியும்போது திரை முழுவதும் ‘நான், நான்’ என்றே நிற்கிறது (எண்ணல்லாததைக் குறிக்கும் NaN-க்கு இப்படியொரு உச்சரிப்பு!). நேரப்படியைப் பாதியாக்கினேன், வெடிப்பு இருமடங்கு காலம் கழித்து வந்தது. மேலும் குறைக்கவா?

பதில்
குறைக்க வேண்டாம், தம்பி. கூரான் எல்லையை (கணிப்பு நிலைகுலையாமல் இருக்க நேரப்படி தாண்டக்கூடாத உச்ச அளவை) மீறியிருந்தால், பாதியாக்கியதுமே கோளாறு அடியோடு நின்றிருக்கும். உங்களுக்கு அது தள்ளித்தான் போயிருக்கிறது. வெற்றிடத்தில் 3.34 நனோசெக்கனாக உள்ள எல்லையைப் பிளாஸ்மா 3.32 ஆக இறுக்கினாலும், நீங்கள் அதற்குள்தான் நிற்கிறீர்கள்.

புவிக்காந்தப் புலம் இலத்திரன்களின் மின்னோட்டத்தைச் சுழற்றும்; ஆனால் புலத்துக்கு இணையான ஓட்டம் சுழல்வதில்லை என்பதால் முதல் கணிப்பு தப்பியது. மற்றதில் கிழக்கு ஓட்டத்தையும் நிலைக்குத்து ஓட்டத்தையும் முந்தைய படியின் பெறுமானங்களைக் கொண்டே புதுப்பிக்கிறீர்கள் என ஊகிக்கிறேன். செக்கு மாடு ஒவ்வோர் அடியையும் தொடுகோட்டில் வைத்தால் வட்டம் பெருத்துக்கொண்டே போகும் அல்லவா? உங்கள் கணிப்பில் ஒரு படிக்குரிய சுழற்சி 0.0232 ஆரையன், ஓட்டம் படிக்கு 1.00027 மடங்காகும். அற்பமாகத் தெரியும், ஆனால் சுழற்சியை மட்டும் எடுத்தால் 40,000 படிகளில் அது ஏறத்தாழ 48,000 மடங்கு.

போரிஸ் 1970இல் துகள் கணிப்புக்காக முன்வைத்த உத்தி இங்கும் பொருந்தும்: மின்புலத்தின் தாக்கத்தில் பாதியைக் கொடுத்து, ஓட்டத்தை நீளம் மாறாமல் சுழற்றி, மீதிப் பாதியைக் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்
ஊகம் சரிதான், ஐயா. மாற்றிய பின் இரண்டு இலட்சம் படிகள் ஓடியும் வீக்கமில்லை. ஆனால் 9.56 மெகாஹேட்சுக்குக் கீழே மறிக்கப்பட வேண்டிய அலை, 9.3இலும் தாராளமாகப் போகிறது.

பதில்
நிலைக்குத்து மின்புலத்தை விட்டிருப்பீர்கள். ஒரு பரிமாணத்தில் அலையின் காந்தப்புலம் அதைத் தொடாததால் பலரும் மறப்பது அது. நிலைக்குத்து ஓட்டம்தான் அதை மாற்றும். அந்த மின்புலம் இல்லாவிட்டால் தடை எல்லை 9.05 மெகாஹேட்சுக்கு இறங்கிவிடும்.

கேட்டவர்
ஒரே வரிதான் விடுபட்டிருந்தது. சேர்த்ததும் 9.3 மெகாஹேட்ஸ் அடைபட்டுவிட்டது, மிக்க நன்றி.