டிரெய்லர் மாட்டினால் தானியங்கி பிரேக்கை அணைப்பது சரியா?

டீசல்வாசி:
போன வாரம் நடந்தது. 3500 வகை (கனரக) பிக்கப், பின்னால் 9,000 பவுண்டு டிரெய்லர். முன்னால் மோதப்போகிறோம் என்று ரேடாரும் கேமராவும் கணித்தால் தானாகவே அழுத்தும் பிரேக் இதில் இருக்கிறது. ஹைவேயில் எனக்கு முன்னால் போன கார் எக்ஸிட்டுக்காக விலகியது. முக்கால்வாசி விலகிய பிறகு என் வண்டி தானாகவே பிரேக் போட்டுவிட்டது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியது சீட்டிலேயே தெரிந்தது. அன்றிலிருந்து டிரெய்லர் மாட்டினால் முதல் வேலை அதை அணைப்பதுதான். காலி வண்டிக்கு நல்ல வசதி, இழுவைக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

கண்ணாடிபார்:
நான் எதிர்க்கட்சி. பிக்கப்களில் இந்த பிரேக் இருந்தால் பின்பக்க மோதல் 43 சதவீதம் குறைகிறது என்று ஐஐஎச்எஸ் (அமெரிக்க காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு) 2022-இல் சொன்னது. ஒரு தடவை தப்பாக அழுத்தியதற்காக இதை எப்படி அணைக்க மனம் வருகிறது?

டீசல்வாசி:
அது பிக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்த கணக்கு. நாலு டன் பின்னால் தொங்கும் வண்டிக்கும் அதே பலன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அரசாங்கமே நம் வண்டிகளைத் தனியாகத்தானே வைத்திருக்கிறது? 2024 ஏப்ரலில் என்எச்டிஎஸ்ஏ (அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை) கொண்டுவந்த தானியங்கி பிரேக் விதி, மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்குத்தான். 3500 வகையில் பெரும்பாலானவை அதற்கு மேலே.

கண்ணாடிபார்:
விதியில் வரவில்லை என்பதால் தேவையில்லை என்று ஆகிவிடுமா? 10,000-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இந்த பிரேக் வேண்டும் என்று 2023-இலேயே வரைவு வெளியிட்டார்கள். எடை கூடக்கூட நிற்கும் தூரமும் கூடும். அப்படிப் பார்த்தால் முதலில் நமக்குத்தான் வேண்டும்.

பழைய_கியர்:
நடுவில் நுழைகிறேன். உங்கள் வண்டியை உயர்த்தியிருக்கிறீர்களா, டீசல்வாசி? முன் பம்பர் மாற்றினாலும் சஸ்பென்ஷனை ஏற்றினாலும் ரேடாரின் பார்வைக் கோணம் மாறும். முன் கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி கேலிப்ரேஷன் (அளவு சரிபார்த்து அமைப்பது) செய்ய வேண்டும். பலர் இதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டு சென்சாரைத் திட்டுவார்கள். (நானும் திட்டியவன்தான்.)

டீசல்வாசி:
எதையும் தொடவில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடுகிறது.

கண்ணாடிபார்:
அப்படியானால் இன்னொரு கேள்வி. டிரெய்லர் தள்ளியது என்றீர்களே, அது எனக்கு இடிக்கிறது. வண்டியோடு வரும் டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலர், பிக்கப் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்குக்கும் மின்சாரம் அனுப்பும். அழுத்தியது உங்கள் காலா கம்ப்யூட்டரா என்பது பெரிய விஷயமில்லை. தள்ளுகிறது என்றால் கெயின், அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று கண்ட்ரோலரில் வைக்கும் அளவு, குறைவாக இருக்கிறது. நீங்களே பிரேக்கை மிதித்திருந்தாலும் தள்ளியிருக்கும். கெயின் எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

டீசல்வாசி:
பார்க்க வேண்டும்.

பழைய_கியர்:
காலியான, சமமான, காய்ந்த சாலையில் 25 மைல் வேகத்தில் போய், கண்ட்ரோலரின் கை லீவரை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை கெயினை ஏற்றி, அப்புறம் கொஞ்சம் இறக்குங்கள். சரக்கின் எடை மாறினால் மறுபடியும் இதே வேலை.

டீசல்வாசி:
பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், காலி டிரெய்லருக்கு வைத்த கெயின் அப்படியே இருந்தது. தள்ளியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலகிப்போகிற காருக்கு பிரேக் போட்டது என் தப்பில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கண்ணாடிபார்:
அந்த இடத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஓரமாக விலகும் வண்டியை இது தாமதமாகத்தான் விடுகிறது. இருட்டில் தெருவிளக்கு இல்லாத இடத்தில் நடந்துபோகிறவரைக் காப்பதிலும் பலன் தெரியவில்லை என்று அதே ஐஐஎச்எஸ் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நான் அணைக்க மாட்டேன். முன்கார் விலகும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் பல வண்டிகளில் அது விட்டுக்கொடுக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் ஒருமுறை பாருங்கள்.

டீசல்வாசி:
டிரெய்லர் ஆட்டக் கட்டுப்பாட்டையும் டிரெய்லர் பக்கம் பார்க்கும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையையும் நான் ஒருநாளும் அணைத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் ஆட்டம் போட்டால் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு அடக்குவதை என் காலால் செய்ய முடியாது. முன்னால் போகும் காரைப் பார்ப்பது என் கண்ணுக்கே முடியும்.

கண்ணாடிபார்:
கெயினைப் பார்க்க மறந்ததும் அதே கண்தானே!

டீசல்வாசி:
சரி, அது உள்ளதுதான். சனிக்கிழமை கெயினைச் சரிசெய்து, பிரேக்கை அணைக்காமல் ஒரு நீண்ட பயணம் போகிறேன். எத்தனை தடவை வீணாக அழுத்துகிறது என்று எண்ணிக்கொண்டு வருகிறேன்.