தெர்மோஸ்டாட் இல்லாமல் பைக் ஓட்டலாமா?

வணக்கம் நண்பர்களே. வண்டி 2016 மாடல், 200 சிசி, லிக்விட் கூலிங், 52,000 கிலோமீட்டர் ஓடியது. திருவொற்றியூரிலிருந்து தினமும் மீஞ்சூருக்கு வேலைக்குப் போகிறேன். போன மாதம் திரும்பி வரும்போது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டேன், டெம்பரேச்சர் கடைசிக் கோடு வரை ஏறிவிட்டது. கூலண்ட் மாற்றியாச்சு, ரேடியேட்டர் மூடி புதுசு, ஃபேன் சுற்றுகிறது. அப்புறம் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றி வீட்டில் பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், 80 டிகிரி சுமாருக்குத் திறக்க வேண்டியது, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வால்வு அசையவே இல்லை.

மெக்கானிக் அதை எடுத்துவிட்டு அப்படியே மூடித் தந்தார். சூடு ஏறுவது நின்றது. ஆனால் பத்து நாளாக வேறு தொல்லை: விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் மீஞ்சூர் போய்ச் சேரும்வரை டெம்பரேச்சர் இரண்டு கோட்டைத் தாண்டுவதில்லை. மைலேஜ் 36லிருந்து 29. பிளக் கரி பிடித்துக் கறுப்பு. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் டீ நுரை மாதிரி ஒட்டியிருக்கிறது, கூலண்ட் ஆயிலில் கலக்கிறதோ என்று அதுதான் பயமாக இருக்கிறது. கூலண்ட் மட்டும் துளிகூடக் குறையவில்லை.

புது தெர்மோஸ்டாட் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை இப்படியே ஓட்டலாமா, இல்லை வண்டியை நிறுத்திவைப்பதுதான் இன்ஜினுக்கு நல்லதா?