சப் காண்ட்ராக்ட் ரேட் நியாயம்னு ஆபீஸ்ல எப்படி காட்டினீங்க? உங்க அனுபவத்தை சொல்லுங்க

தர்மபுரி பில்லிங்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தர்மபுரில ஒரு கவர்மெண்ட் காண்ட்ராக்டர்கிட்ட பில்லிங் பாக்கறேன். அரூர் பக்கம் ஸ்கூல் பில்டிங் வேலை ஒண்ணு ஓடுச்சு, எஸ்டிமேட்ல போர்வெல் கிடையாது, நடுவுல எக்ஸ்ட்ரா ஐட்டமா சேத்தாங்க. எங்ககிட்ட போர் வண்டி இல்ல, சப்புக்குதான் குடுக்கணும். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, மூணு கொட்டேஷன் வாங்கி இந்த ரேட் ஏன் சரின்னு எழுதிக் குடுங்க, இல்லன்னா ஃபைல் மேல போகாதுன்னு.

கொட்டேஷன் வாங்கறது ஈஸிங்க, மூணையும் ஒரே அளவுக்குக் கொண்டு வர்றதுலதான் வேலையே இருக்கு. ஒருத்தர் அடிக்கு 140 ஃபிளாட், 600 அடிக்கு 84,000. இன்னொருத்தர் ஸ்லாப் ரேட், 300 அடி வரைக்கும் 90, அடுத்த நூறு அடிக்கு 100, அதுக்கடுத்த நூறுக்கு 110, 500க்கு மேல 130, கேசிங் (மேல் மண்ணு சரியாம இறக்கற பைப்) தனியா அடிக்கு 450. மூணாவது ஆள் கேசிங், ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 1,10,000னு ஒரே வரில எழுதிட்டாரு. மேலாப்ல பாத்தா ஃபிளாட்தான் கம்மி. ஆனா பக்கத்து பஞ்சாயத்து போர்ல கேசிங் எவ்வளவு இறங்குச்சுன்னு விசாரிச்சா 60 அடின்னாங்க, ஃபிளாட் ஆளோட கொட்டேஷன்ல கடைசி வரில பொடி எழுத்துல கேசிங் 20 அடி மட்டும், அதுக்கு மேல அடிக்கு 500னு இருக்கு. அப்போ அது 1,04,000 ஆயிடுது. ஸ்லாப் ஆளுக்கு 61,000 ப்ளஸ் கேசிங் 27,000, மொத்தம் 88,000. மூணாவது ஆள்ல 18% ஜிஎஸ்டியை கழிச்சா 93,220. இதுவும் போக, 450 அடிலயே தண்ணி வந்து நிறுத்திட்டா தோண்டற கூலி ஸ்லாப்ல 42,500தான், ஃபிளாட்ல 63,000. நம்ம ஊர்ப் பாறைல எத்தனை அடில தண்ணி வரும்னு யாரும் சொல்ல முடியாது, அதனால இந்த ரெண்டாவது கணக்கையும் ஷீட்ல போட்டேன். ஏஇ (அசிஸ்டன்ட் இன்ஜினியர்) அதைத்தான் ரொம்ப நேரம் பாத்தாரு. பில் அளவெடுத்த அடிக்குத்தான்னும் ஆர்டர்லயே எழுதிட்டோம். அப்ரூவ் ஆச்சு.

உங்களுக்கு எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க, புதுசா வர்ற பசங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர்றதில்ல.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரிகல்:

அண்ணே நல்லா எழுதியிருக்கீங்க. நான் சப் பக்கத்துல இருக்கறவன், வயரிங் வேலை எடுத்து செய்றேன். ஒரு மெயின் காண்ட்ராக்டர் என்கிட்ட கொட்டேஷன் வாங்கிட்டு, கூட ரெண்டு லெட்டர் பேடுல அவரே டைப் பண்ணி கொஞ்சம் கூட ரேட் போட்டு வெச்சுட்டாரு. ஆபீஸ்ல கண்டுபிடிச்சுட்டாங்க. எப்படின்னா அந்த ரெண்டு கொட்டேஷன்லயும் கிருஷ்ணகிரி பின்கோடு ஒரே மாதிரி தப்பு, ஐட்டம் வரிசையும் அச்சு அசல் ஒண்ணு. ஃபைல் திரும்பி வந்துருச்சு, என்னோட ரேட் நியாயமான ரேட்டுதான், ஆனா அதையும் யாரும் நம்பல, எனக்கு வர வேண்டிய அட்வான்ஸ் மாசக்கணக்கா நின்னுது. நேர்மையா ரேட் குடுத்தவன் வயித்துல அடிக்கற வேலைங்க இது, தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

ஓசூர் மெஷின்ஷாப்:

எங்க கதை வேற மாதிரி. நாங்க பெங்களூர் கம்பெனி ஒண்ணுக்கு அலுமினியம் பார்ட்ஸ் ஓட்டறோம், அவங்க அமெரிக்கா டிஃபென்ஸ் கம்பெனிக்கு அனுப்பறாங்க. அங்க ஃபார்னு ஒரு கொள்முதல் விதி இருக்கு, சப் குடுக்கற விலை நியாயமானதான்னு பாத்து காட்ட வேண்டிய பொறுப்பு மெயின் காண்ட்ராக்டரோடது. போட்டி கொட்டேஷன், முன்னாடி வாங்குன விலை, விலைப்பட்டியல், மார்க்கெட் விசாரணைன்னு பல வழில ஒப்பிட்டு காட்டலாம். அந்தக் கேள்வி அப்படியே படி இறங்கி சிப்காட்ல இருக்கற எங்ககிட்ட வந்துச்சு, "போன ஆர்டரை விட பீஸுக்கு 252 ரூபா ஏன் ஜாஸ்தி"ன்னு.

போன ஆர்டர் 200 பீஸ், இந்த தடவை 25. மெஷினை இந்த பார்ட்டுக்கு செட்டிங் போட 8 மணி நேரம், மணிக்கு 900 வெச்சா 7,200. அதை 200ஆல வகுத்தா பீஸுக்கு 36, 25ஆல வகுத்தா 288. வித்தியாசமே அந்த 252தான். மெட்டீரியல் ரேட், சைக்கிள் டைம் (ஒரு பீஸ் ஓட்ட ஆகற நேரம்), அனோடைசிங் பூச்சு எல்லாம் பழைய மாதிரியே. பழைய பர்ச்சேஸ் ஆர்டர், செட்டிங் ஷீட், அலுமினியம் ராடு பில் மூணையும் வெச்சு ஒரு பக்கத்துல எழுதி அனுப்பினோம், மறு கேள்வி வரல. பழைய விலையை சும்மா காட்டினா பத்தாதுங்க, அன்னிக்கு எத்தனை பீஸ், இன்னிக்கு எத்தனைன்னு சேத்து காட்டணும்.

ரிட்டையர்டு ஏஇஇ:

தம்பிகளா, படிச்சு சந்தோஷம். ஃபைலை அந்தப் பக்கம் உக்காந்து பாத்தவன்கிற முறைல சொல்றேன். தமிழ்நாடு டெண்டர் சட்டம், 1998ல வந்தது, அதுல எல்-1, அதாவது இருக்கறதுலயே கம்மியா போட்டவரோட ரேட்டே ஷெட்யூல் ரேட்டையோ (அரசாங்க விலைப்பட்டியல் ரேட்) மார்க்கெட் ரேட்டையோ விட ஜாஸ்தியா இருந்தா அவர்கிட்ட மட்டும் பேசி குறைக்க இடம் இருக்கு. சிபிடபிள்யூடி (மத்திய பொதுப்பணித்துறை) வேலைன்னா கணக்கு போட்ட ரேட்டுக்கு மேல 5% வரைக்கும் விட்டுடலாம், விசேஷ காரணம் எழுதினா 10%. ஆக எங்க போனாலும் முதல்ல ஒரு கணக்கு வேணும், அது இல்லாம ஜாஸ்தியா கம்மியான்னு யாரும் சொல்ல முடியாது. ரொம்ப கம்மியா போட்டவரையும் நான் கூப்பிட்டு கேப்பேன். கிருஷ்ணகிரி குவாரி பக்கத்துல இருக்கறவரு ஜல்லி ரேட்டை கம்மியா போட்டா லீடு (ஏத்திட்டு வர்ற தூரம்) கம்மின்னு புரியும், பென்னாகரம் மலைல வேலை வெச்சுக்கிட்டு அதே ரேட் போட்டா பாதில விட்டுட்டுப் போவாரோன்னு பயம் வரும்.

தர்மபுரி பில்லிங்:

நன்றி சார். ஒரு சந்தேகம், பூச்சு வேலைக்கு மேஸ்திரிதான் சப், லெட்டர் பேடும் கிடையாது, ஜிஎஸ்டியும் கிடையாது. அவருக்கு எதை வெச்சு காட்டறது?

ரிட்டையர்டு ஏஇஇ:

அவரோட உக்காந்து ஆள் கணக்கு எழுதுங்க தம்பி. 2 கொத்தனார் தலைக்கு 1,000, 2 சித்தாள் தலைக்கு 600, ஒரு நாள் கூலி 3,200. நாளைக்கு 20 சதுர மீட்டர் பூசறாங்கன்னா மீட்டருக்கு 160. சைட்ல ஒரு நாள் நீங்களே நின்னு அந்த 20 வருதான்னு அளந்து பாருங்க, உள் சுவர் தனி, வெளிச் சுவர் சாரம் கட்டி செய்றது தனி. கூலிய உங்க ஷெட்யூல்ல இருக்கற கூலியோட ஒப்பிட்டு பக்கத்துலயே எழுதிடுங்க. தனி ஆளுங்கறதால டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) 1% பிடிப்பீங்கன்னும் அவருக்கு முன்னாடியே சொல்லிடுங்க, பின்னாடி கையில கம்மியா வந்துச்சுன்னு சண்டை வரக்கூடாது. அந்தத் தாள்ல தேதி போட்டு அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க, பில் போடற அன்னிக்கு எழுதற தாளை ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்க.