கனகபுரம் துயிலும் இல்லத்தின் பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி கனகபுரம் மாவீரர் துயிலும் இல்லத்தில் (போரில் இறந்த விடுதலைப் புலிப் போராளிகளின் கல்லறைகள் இருந்த இடம்) 2009-க்கு முன் எடுத்த படங்கள் தேவை. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த இரண்டு பேர் அங்கே. ஒருவனுக்குக் கல்லறை. மற்றவனின் உடல் வரவில்லை, நடுகல் மட்டும்தான். பிறகு இராணுவத்தினர் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். ஒவ்வொரு நவம்பர் 27-உம், மாவீரர் நாளில், குத்துமதிப்பாக ஒரு இடத்தில் விளக்கேற்றிவிட்டு வருகிறேன்.

போன வருடம் அவர்களில் ஒருவனுடைய அம்மா, கையில் கார்த்திகைப் பூவோடு, "எங்க தம்பி வைக்கிறது?" என்று கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. அவருக்கு இப்போது நடக்கவே கஷ்டம்.

வரிசை, பக்கத்துக் கல்லில் இருந்த பெயர், எதுவானாலும் உதவும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பழைய அல்பங்களை ஒருக்கால் புரட்டிப் பாருங்கள். பெயர்களைத் தனியாக அனுப்புகிறேன்.