பழைய டெம்போ டிராவலரில் ஜனவரியில் மணாலி: குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, வெள்ளைப் புகை. உதவி தேவை

கானாடுகாத்தான் வண்டி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பஜாஜ் டெம்போ என்ற பெயர் இருந்த காலத்திலேயே வாங்கிய டிராவலர் ஒன்று இருக்கிறது. டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜின், பின் சக்கர இழுவை. சொந்த உபயோகப் பதிவு, ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது. பிள்ளையார்பட்டியோ பழனியோ, குடும்பத்தோடு எங்கே போனாலும் இதில்தான். பொங்கல் முடிந்ததும் மணாலி வரை இதிலேயே போக வேண்டும் என்பது அப்பச்சியின் ஆசை. ஆத்தா இதுவரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. முடிந்தால் அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு வரை போக நினைக்கிறோம்.

இப்போது பிரச்சினை. போன மாதம் கொடைக்கானலில் இரவு தங்கினோம். காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆனது. முதலில் வெள்ளையாகப் புகை தள்ளியது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மலையில் எவ்வளவு ஓட்டியும் டெம்பரேச்சர் முள் அடியை விட்டு எழவே இல்லை. காரைக்குடிக்குத் திரும்பியதும் அரைச் சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, ஒரு குறையும் தெரியவில்லை. இங்குள்ள மெக்கானிக் "வண்டி கல்லு மாதிரி இருக்கு, போயிட்டு வாங்க" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கொடைக்கானல் குளிருக்கே இப்படி என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே என்ன ஆகும்? எதை முதலில் பார்ப்பது?

தேவகோட்டை டீசல்:
தம்பி, நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. கொடைக்கானல் போய் வந்தது நல்லதாகப் போயிற்று. நம்ம ஊர் வெயிலில் இந்தக் குறைகள் எதுவும் வெளியே வராது.

முள் எழவில்லை என்றால், தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். நம் பக்கம் வண்டி கொஞ்சம் சூடானாலே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் மூடியை மட்டும் மாட்டுவது பழைய வழக்கம். தண்ணீர் 80 டிகிரி அளவுக்குச் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து வைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாமல் குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் இன்ஜின் நாள் முழுக்கப் பச்சையாகவே ஓடும். டீசல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், உள்ளே ஹீட்டர் போட்டாலும் பச்சைக் காற்றுதான் வரும்.

ஸ்டார்ட் ஆக அடம் பிடிப்பதற்கு முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக். உங்கள் வண்டியில் இருப்பது மெர்சிடிஸ் ஓஎம்616 வழியில் வந்த இன்ஜின். முன் அறையில் டீசல் எரியும் வகை. அந்த அறையைச் சூடாக்கித் தருவது ஹீட்டர் பிளக்தான். 30 டிகிரி வெயிலில் அது செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் கழற்றி பேட்டரி கொடுத்துப் பாருங்கள், நுனி சிவக்க வேண்டும். பழைய சுருள் வகையாக இருந்தால் எல்லாம் வரிசையாக இணைந்திருக்கும், ஒன்று போனாலே மொத்தமும் வேலை செய்யாது. ரிலேயையும் வயரையும் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளைப் புகை, சிலிண்டர் சூடேறாததால் எரியாமல் வரும் டீசல். சீக்கிரம் நின்றுவிட்டது என்கிறீர்கள், சரி. சூடான பிறகும் புகை வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று அர்த்தம். கிளம்பும் முன் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவை, ஒரு முறை அளந்து பாருங்கள். ஹீட்டர் பிளக் எல்லாம் நன்றாக இருந்தும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் அங்கேதான் கோளாறு.

ஒரு கேள்வி: ரேடியேட்டரில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?

கானாடுகாத்தான் வண்டி:
நன்றி அண்ணே. ரேடியேட்டரில் வீட்டுத் தண்ணீர்தான், எப்போதும் அப்படித்தான்.

தேவகோட்டை டீசல்:
அதோடு போகவே கூடாது. மணாலியில் ஜனவரி இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது சாதாரணம். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் போல விரியும். அந்த விரிவுக்கு இரும்பு இடம் கொடுக்காது. இன்ஜின் பிளாக்கின் ஓட்டைகளை அடைத்திருக்கும் கோர் பிளக் மூடி தெறிக்கும், இல்லையென்றால் பிளாக்கே விரிசல் விடும். அப்படி விரிசல் விட்டால் வண்டியை லாரியில்தான் கொண்டுவர வேண்டும்.

பழைய தண்ணீரை முழுக்க இறக்கி, உள்ளே கழுவி, எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். மைனஸ் 35 வரை தாங்கும். கடையில் ஏற்கெனவே கலந்த கூலன்ட்டும் விற்கிறார்கள். அதில் தண்ணீரே அதிகமாக இருக்கலாம், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவைப் படித்து வாங்குங்கள். வழியில் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பாதீர்கள், மீதிக் கூலன்ட்டைக் கேனில் வைத்துக்கொள்ளுங்கள். வைப்பர் தண்ணீருக்கும் உறையாத திரவம் தனியாக உண்டு.

இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-40 ஓடுகிறதென்றால் 15டபிள்யூ-40க்கு மாறிவிடுங்கள். குளிரில் செல்ஃப் மோட்டாருக்குப் பாரம் குறையும்.

சிக்ரி ரோடு பேட்டரி:
பேட்டரியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். 1953 முதல் சிக்ரி ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் காரைக்குடியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 18-ல் தன் சக்தியில் பாதியைத்தான் தரும். அதே நேரத்தில் கெட்டியான ஆயிலைச் சுற்ற இன்ஜின் அதிகமாகக் கேட்கும். அதனால் இங்கே "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று சொல்லும் பேட்டரி அங்கே முதல் காலையே படுத்துவிடும்.

இன்னொன்று, முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.26 காட்டும் ஆசிட் சாமானியமாக உறையாது. சார்ஜ் இறங்கி 1.10 பக்கம் வந்துவிட்டால் மைனஸ் 8, 10-லேயே பனிக்கட்டியாகும், பெட்டி விரிசல் விடும். இரவில் உள்ளே பாட்டும் லைட்டும் போட்டுச் சார்ஜை இறக்கிவிடாதீர்கள். ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டுவதையும் மறக்க வேண்டாம். பழைய வண்டியில் பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

பள்ளத்தூர் எக்ஸ் சர்வீஸ்:
ராணுவத்தில் காஷ்மீர்ப் பக்கம் வண்டி ஓட்டியவன் நான். இன்ஜினைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. சாலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புதுப் பனி பயமில்லை, மெதுவாகப் போனால் டயர் பிடிக்கும். பயப்பட வேண்டியது கருப்புப் பனி. பகலில் உருகிய தண்ணீர் இரவில் தார் மேல் கண்ணாடியாக உறைந்திருக்கும், பார்த்தால் ஈரச் சாலை போலவே தெரியும். வெயில் படாத வளைவு, பாலம், தேவதாரு நிழல், இந்த மூன்று இடத்திலும் கவனம். காலை பத்து மணிக்கு முன் வண்டியை எடுக்காதீர்கள், மாலை நான்குக்குள் அறைக்கு வந்துவிடுங்கள்.

இறக்கத்தில் இரண்டாம் கியர், பிரேக்கில் காலை அழுத்தவே கூடாது. பின்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்புங்கள். பின் சக்கர இழுவை என்பதால் சாமான்களைப் பின்னால் ஏற்றுங்கள், கேரியரில் வேண்டாம். பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டும் செயினும் பின் சக்கரத்துக்குத்தான். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே மாட்டிப் பழகுங்கள். கை மரத்துப்போன நிலையில் முதல் தடவையாக மாட்ட முடியாது. பனி இல்லாத தார் வந்தால் கழற்றிவிட வேண்டும்.

ரீட்ரெட் டயரோடு வராதீர்கள். இங்கே 35 டிகிரியில் பார்த்த காற்று அங்கே பூஜ்ஜியத்தில் ஆறு பவுண்டு போலக் குறைந்திருக்கும், குளிர்ந்த டயரில் மறுபடி பாருங்கள்.

சிஸ்ஸு விஷயத்தில் என் கருத்து வேறு. மணாலி 2,000 மீட்டர் சொச்சம். அடல் சுரங்கம் 3,000 மீட்டருக்கு மேல், நீளம் ஒன்பது கிலோமீட்டர். தெற்கு வாயிலில் நல்ல வெயில் இருக்கும், வடக்கு வாயிலில் வெளியே வந்ததும் பனிக்கட்டி மேல் நிற்பீர்கள். டர்போ இல்லாத இன்ஜின் அந்த உயரத்தில் கால் பங்கு சக்திக்கு மேல் இழந்திருக்கும். பனி பெய்தால் போலீஸ் நான்கு சக்கர இழுவை வண்டியையும் செயின் போட்டதையும் மட்டும்தான் விடுவார்கள். வண்டியை மணாலியில் நிறுத்திவிட்டு, சிஸ்ஸுவுக்கு உள்ளூர் ஓட்டுநரின் வண்டியில் போய் வாருங்கள். அப்பச்சிக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கானாடுகாத்தான் வண்டி:
இன்று வண்டியைத் திறந்து பார்த்தோம். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி! ஹீட்டர் பிளக்கில் இரண்டு சிவக்கவில்லை. உள்ளே ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் யாரோ வளைத்து அடைத்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சாமான் சொல்லியாகிவிட்டது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். டீசல் உறைந்துவிடும், மண்ணெண்ணெய் கலந்து கொண்டுபோ என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

தேவகோட்டை டீசல்:
கலக்காதீர்கள். பம்புக்குள் டீசல்தான் எண்ணெய்ப்பசை. மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு, பழைய பம்பு தேய்ந்துவிடும். அதோடு மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் தப்பு.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளை கட்டுவதுபோல டீசலிலும் மெழுகு பிரியும். முதலில் அடைவது ஃபில்டர்தான். ஆனால் காரைக்குடியில் போட்ட டீசலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது ஐதராபாத் போவதற்குள் தீர்ந்துவிடும். கடைசியாக எங்கே நிரப்புகிறீர்கள் என்பதுதான் கணக்கு. நம் தரக் கட்டுப்பாட்டின்படி கோடை டீசல் 18 டிகிரியிலும் குளிர்கால டீசல் 6 டிகிரியிலும் ஃபில்டரை அடைக்கத் தொடங்கலாம், அந்த டிகிரிக்குக் கீழே உத்தரவாதம் இல்லை. எனவே சமவெளியில் டேங்கை முட்ட நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள். குறைவாக வைத்து ஏறி, மணாலி பங்கில் நிரப்பி, அந்த டீசல் இன்ஜின் வரை வரும்படி கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். மைனஸ் 33 வரை தாங்கும் டீசல் 2019-ல் லடாக்குக்காக வந்தது, மணாலியோடு நிற்பதென்றால் அது தேவைப்படாது.

ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரைக் கிளம்பும் முன் இறக்குங்கள். ஃபில்டர் ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள். வடக்கே சில லாரிக்காரர்கள் டேங்குக்கு அடியில் தீ மூட்டுவார்கள், அதைப் பார்த்து நீங்களும் செய்துவிடாதீர்கள்.

வழியும் முக்கியம். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கு டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியிலும் (என்சிஆர்) 2015 முதல் சிக்கல் இருக்கிறது, உத்தரவுகளும் மாறிக்கொண்டே வருகின்றன. ராஜஸ்தானில் ஹனுமான்கர் பக்கமாகப் பஞ்சாபுக்குள் நுழைந்து ரூப்நகர், பிலாஸ்பூர், மண்டி என்று போனால் அந்தத் தொல்லை இல்லை.

குன்றக்குடி அக்கா:
தம்பி, பெரியவர்களை அழைத்துப் போவதால் எழுதுகிறேன். குளிருக்காகக் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்க வேண்டாம். சைலன்சர் வாயைப் பனி மூடினால் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கரி அடுப்பை வண்டிக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வைக்கவே கூடாது. சிஸ்ஸு போகும் முன் மணாலியில் இரண்டு இரவாவது தங்கி உடம்பைப் பழக்குங்கள். அப்பச்சி பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கானாடுகாத்தான் வண்டி:
சரி அக்கா, கட்டாயம் கேட்கிறேன். சிஸ்ஸுவுக்கு உள்ளூர் வண்டி என்று முடிவாகிவிட்டது. அப்பச்சியிடம் பேசினேன், மணாலி வரை தன் வண்டி போகிறதே என்று சம்மதித்துவிட்டார். கடைசியாக ஒன்று: இரவில் எப்படி நிறுத்துவது?

பள்ளத்தூர் எக்ஸ் சர்வீஸ்:
ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், ஈரம் உறைந்து ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கட்டையை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். முன்பக்கம் காலை வெயில் படும்படி இருந்தால் நல்லது. கண்ணாடியில் பனி பிடித்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். ஹீட்டர் பிளக்கை இரண்டு முறை சூடாக்கிய பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். திரும்பும் தேதியை மட்டும் இறுக்கமாக வைக்காதீர்கள், சாலை மூடினால் திறக்கும் வரை தங்க வேண்டியிருக்கும். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதற்கேற்பக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.