சார்ஜிங் ஸ்டேஷன்: மெஷின் விலையைவிட மின் இணைப்புக்கு அதிகம் கேட்கிறார்கள், இது சரிதானா?

வெயில்வாசி (கேள்வி)

வணக்கம். பிரதான சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு நீளமான காலி மனை ஒன்று இருக்கிறது. அதில் கார்களுக்கு சார்ஜிங் ஸ்டேஷன் போடலாம் என்று திட்டம். 60 கிலோவாட் டிசி மெஷின் ஒன்று, இரண்டு கன் (காரில் செருகும் முனை). மெஷின் விற்பவர் தந்த கொட்டேஷனோடு தளம், கூரை, போர்டு, கேமரா எல்லாம் சேர்த்து ஒரு பட்ஜெட் போட்டு வைத்திருந்தேன். நாளுக்கு 10 கார் வந்தால் மூன்றே வருடத்தில் முதல் திரும்பிவிடும் என்று அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

இப்போது மின் இணைப்புக்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், டெபாசிட் எல்லாம் சேர்த்தால் மெஷின் விலையைத் தாண்டுகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறித்த இடம் மனையின் பின்மூலை, மெஷின் வைக்க நினைத்தது சாலையோரம். நடுவில் 150 மீட்டர். இது வழக்கமான எஸ்டிமேட்தானா, குறைக்க வழி உண்டா? என் பட்ஜெட்டில் வேறு என்னென்ன விடுபட்டிருக்கிறது?

பேனல்போர்டு

தம்பி, வழக்கம்தான். பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

முதலில் கேபிள். 60 கிலோவாட் மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது, அதன் உள்நஷ்டத்தையும் சேர்த்து உள்ளே இழுப்பது சுமார் 63 கிலோவாட். 400 வோல்ட் த்ரீ ஃபேஸில் அது ஏறக்குறைய 92 ஆம்பியர். 150 மீட்டருக்கு 35 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால் வழியிலேயே 20 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், மெஷின் அடிக்கடி லோ வோல்டேஜ் எரர் காட்டி நிற்கும். 70 போட்டால் நஷ்டம் பாதியாகும், விலை ஏறும். அதோடு பள்ளம் தோண்டுவது, மணல், செங்கல், மேலே வண்டி போகிற இடங்களில் குழாய். எஸ்டிமேட்டில் இந்தப் பகுதி மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மெஷினைப் பின்மூலையில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வையுங்கள். சாலையில் வெளிச்சமான போர்டு ஒன்று போதும், கார் 150 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: பாதை அகலமாக, இரவில் விளக்கோடு இருக்க வேண்டும். இருட்டு மூலையில் தனியாகக் காத்திருக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

எர்த்திங்கும், திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் சர்ஜ் அரெஸ்டரும் கொட்டேஷனில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் 'வாடிக்கையாளர் பொறுப்பு' என்று கீழே சின்ன எழுத்தில் கிடக்கும்.

கன்_நம்பர்_2

நானும் ஒரு ஸ்டேஷன் நடத்துகிறேன். கேபிள் செலவு ஒரு தடவையோடு போய்விடும். மாதாமாதம் கடிப்பது டிமாண்ட் சார்ஜ், அதாவது யூனிட்டுக்கு இல்லாமல், வாங்கிய அல்லது இழுத்த உச்ச கிலோவாட்டுக்குக் கட்டும் தொகை. உங்கள் பகுதி கட்டண அட்டவணையில் அது உண்டா, சார்ஜிங் ஸ்டேஷனுக்குத் தனிப் பிரிவு உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு காரும் வராத மாதத்திலும் கட்ட வேண்டியிருக்கும்.

கணக்கு இப்படி. 60 கிலோவாட் மெஷின் இரவு பகல் ஓடினால் மாதத்துக்கு 43,200 யூனிட். புது ஸ்டேஷனில் 5 சதவீதம் ஓடினால் 2,160 யூனிட், அதாவது நாளுக்கு 72. ஒரு கார் சராசரியாக 24 யூனிட் ஏற்றினால் 3 கார். இந்த நிலையில் ஒரு கிலோவாட்டுக்குக் கட்டும் மாத டிமாண்ட் சார்ஜை (2,160-ஐ 60-ஆல் வகுத்தால்) 36 யூனிட்தான் சுமக்கிறது. நாளுக்கு 9 கார் என்று 15 சதவீதத்துக்கு வந்தால் அதே தொகையை 108 யூனிட் சுமக்கும். உங்கள் ஊர்க் கட்டணத்தை 36-ஆல் வகுத்துப் பாருங்கள். யூனிட்டுக்கு நீங்கள் நினைத்திருந்த லாபம் அதிலேயே கரையலாம்.

அந்தத் தாளில் இருக்கும் 10 கார் என்பது 16 சதவீதத்துக்கும் மேல். முதல் நாளிலிருந்தே அது வரும் என்று எழுதிக் கொடுத்தவர் மெஷின் விற்பவர், மறக்க வேண்டாம்.

அப்புறம், வாங்கும் யூனிட் எல்லாம் விற்கும் யூனிட் ஆகாது. ஏசியை டிசியாக மாற்றும்போது 5, 6 சதவீதம் சூடாகப் போகும். நாளுக்கு 240 யூனிட் விற்றால் மீட்டரில் 255 ஓடியிருக்கும். யாரும் இல்லாதபோதும் திரை, மோடம், கண்ட்ரோல் போர்டு எல்லாம் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெயில்வாசி

36-ஆல் வகுத்துப் பார்த்தேன் சார். தூக்கம் போச்சு. அப்படியென்றால் டிசியை விட்டுவிட்டு 22 கிலோவாட் ஏசி நான்கு போடலாமா? விலை மிகவும் குறைவாக இருக்கிறதே.

பேனல்போர்டு

குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஏசி பெட்டிக்குள் பெரிதாக எதுவும் இல்லை: ரிலே, மீட்டர், பாதுகாப்பு, காரோடு பேசும் போர்டு. ஏசியை டிசியாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் சார்ஜரே செய்கிறது. அதனால் வேகத்தையும் அதுதான் முடிவு செய்யும். நிறைய கார்கள் 7.4 அல்லது 11 கிலோவாட்டுக்கு மேல் ஏசியில் எடுக்காது. நீங்கள் 22 வைத்தாலும் 7.4 எடுக்கும் கார் 7.4 தான் எடுக்கும். அதற்கு ஏன் அவ்வளவு லோடு வாங்க வேண்டும்?

சாலைப்பயணி

ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிரதான சாலையில் 7 கிலோவாட் என்றால் நான் நிறுத்தவே மாட்டேன். 24 யூனிட் ஏற 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும், யார் உட்கார்ந்திருப்பார்கள்? அலுவலகம், விடுதி, குடியிருப்பு மாதிரி வண்டி சும்மா நிற்கும் இடத்துக்குத்தான் ஏசி. உங்கள் இடத்துக்கு டிசிதான்.

கழிப்பறையும் உட்கார நிழலும் பட்ஜெட்டில் இருக்கிறதா? உங்கள் பட்டியலில் கேமரா வந்துவிட்டது, அது வரவில்லை.

கன்_நம்பர்_2

சாலைப்பயணி சொல்வது சரி. டிசியே போடுங்கள், ஆனால் 60-இல் தொடங்க வேண்டியதில்லை. டிசி மெஷினுக்குள் 20, 30, 40 கிலோவாட் பவர் மாட்யூல்களைத்தான் அடுக்கியிருப்பார்கள். 60-க்கான கேபினெட்டில் 30-க்கு மட்டும் மாட்யூல் போட்டு, கூட்டம் வந்ததும் மீதியைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் இணைப்பையும் இப்போதைக்கு 30-க்குத் தகுந்தாற்போல் வாங்கலாம். பல இடங்களில் ஒரு குறிப்பிட்ட லோடு வரை, ஏற்கெனவே இருக்கும் எல்டி (குறைந்த அழுத்த) லைனிலேயே கொடுப்பார்கள், சொந்த டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படாது. அந்த வரம்பு உங்கள் பகுதியில் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு மெஷினைத் தேர்ந்தெடுங்கள். கேபிளை மட்டும் முழு 60-க்கே புதைத்துவிடுங்கள், இரண்டாம் முறை தோண்டுவது வீண்.

கொட்டேஷனில் இன்னும் இரண்டு பாருங்கள். ஒன்று, கன்னின் ஆம்பியர். 400 வோல்ட் பேட்டரிக்கு 60 கிலோவாட் கொடுக்க 150 ஆம்பியர் வேண்டும். 125 ஆம்பியர் கன் போட்டுக் கொடுத்தால் 50-க்கு மேல் போகாது, பெயர்ப்பலகையில் மட்டும் 60 இருக்கும். இரண்டு கன்னிலும் கார் நின்றால் 30, 30 என்று பிரியும், அதையும் வாடிக்கையாளருக்குத் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது, சாஃப்ட்வேர். மெஷின் ஓசிபிபி (மெஷினும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது மொழி) 1.6 அல்லது 2.0.1 பேச வேண்டும், சர்வர் முகவரியை நீங்களே மாற்ற முடிய வேண்டும். இதை எழுத்தில் வாங்குங்கள். என் முதல் மெஷினை விற்றவர் முகவரியைப் பூட்டி வைத்திருந்தார், வருடாவருடம் சந்தாவை ஏற்றினார். வேறு ஆப்புக்கு மாற வழியே இல்லாமல், கடைசியில் கண்ட்ரோல் போர்டையே மாற்ற வேண்டி வந்தது.

வெயில்வாசி

பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் சார்? வாரண்டி 2 வருடம் என்கிறார்கள்.

கன்_நம்பர்_2

அதிகம் அடிபடுவது கன்தான். தரப்படி 10,000 தடவை செருகி எடுக்கத் தாங்க வேண்டும், ஆனால் தேய்வதற்கு முன்பே கீழே போட்டு உடைப்பார்கள். முனையில் விரிசல், லாக் விழும் இடம் உடைவது, கேபிள்மேல் டயர் ஏறுவது. வாரண்டி கேட்டால் 'பயன்படுத்துபவரின் சேதம்' என்று கையை விரிப்பார்கள். கன், கேபிள் ஒரு செட் விலையைத் தனியாக எடுத்து வையுங்கள். கேபிளைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கை போட்டால் பாதி சேதம் குறையும்.

அடுத்தது காற்று ஃபில்டர். உங்கள் மனை மண்தரை என்றால் சீக்கிரம் அடைத்துவிடும். சூடு ஏறியதும் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வருகிறவர் 'ஸ்லோ' என்று ரேட்டிங்கில் எழுதிவிட்டுப் போவார். ஃபில்டர் விலை அற்பம், கழற்றி மாட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பேனல்போர்டு

சிக்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. பின்மூலையில் மொபைல் நெட்வொர்க் வீக் என்றால் ஆப் வழியாக பேமெண்ட் சிக்கும். இரண்டு சிம் போடும் மோடம், வெளியே ஆன்டெனா.

வெயில்வாசி

நன்றி சார், நன்றி அண்ணா. 30 கிலோவாட் மாட்யூலோடு, பின்மூலையில் மெஷின் வைத்து, புது எஸ்டிமேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்டியிலேயே கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். கூரைமேல் சோலார் போட்டால் டிமாண்ட் சார்ஜ் குறையுமா?

பேனல்போர்டு

யூனிட் செலவு குறையும். நல்ல வெயிலில் 10 கிலோவாட் பேனல் நாளுக்கு 40 யூனிட் தரும். ஆனால் இரவில் ஒரே ஒரு கார் முழு வேகத்தில் இழுத்தாலும் அந்த மாத உச்சம் மீட்டரில் பதிவாகிவிடும். அதைக் குறைக்க பேட்டரி வேண்டும், அது இன்னொரு முதலீடு. கூரையை மட்டும் பேனலின் எடையையும் காற்றையும் தாங்குகிற மாதிரி இப்போதே போட்டுவிடுங்கள்.