வேலைக்கு ஆள் எடுக்கும்போது இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

ஈரோட்டுக் கணக்கர் கேட்டது:
எங்களுடையது சிறிய ஜவுளி நிறுவனம். கணக்குப் பிரிவு வேலைக்கு இருவர் கடைசிச் சுற்றுவரை வந்திருக்கிறார்கள். டேலியிலும் ஜிஎஸ்டியிலும் இருவருக்கும் ஒரே அளவு அனுபவம். எங்கள் மேலாளர் இருவருடைய இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் துழாவிவிட்டு, ஒருவர் எந்நேரமும் பைக்கும் ஊர்சுற்றலுமாக இருக்கிறார், மற்றவர் அடக்கமானவர் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார். அந்த அடக்கமானவரின் பக்கத்தில் இருப்பதெல்லாம் இரண்டு பிள்ளையார் படங்களும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும்தான். இப்படி எடைபோடுவதை எந்த அளவுக்கு நம்பலாம்?

மனிதவள ஆசிரியை:
உங்கள் மேலாளர் செய்ததைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வேலை தேடிக்கொண்டிருந்த 416 கல்லூரி மாணவர்களின் பேஸ்புக் பக்கங்களை, ஆளெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். வான் இடெகிங்கே குழுவினரின் அந்த ஆய்வு 2016இல் ஜர்னல் ஆஃப் மேனேஜ்மென்ட் இதழில் அச்சேறியது. அந்த மதிப்பெண்ணுக்கும், வேலையில் சேர்ந்தபின் மேலதிகாரிகள் தந்த மதிப்பீட்டுக்கும் தொடர்பே காணப்படவில்லை. யார் வேலையில் நிலைப்பார்கள் என்பதையும் அது சொல்லவில்லை. அதோடு, வெள்ளையருக்கும் பெண்களுக்கும் மதிப்பெண் கூடுதலாக விழுந்திருந்தது. தொழில்முறையாளர்களின் கணிப்பே இந்த லட்சணம் என்றால், தேநீர் இடைவேளையில் பைக் படம் பார்த்து எடுக்கும் முடிவை என்னவென்று சொல்வது?

கரூர் வாசகர்:
அம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பக்கங்கள் ஒன்றுமே சொல்லாது என்பதும் மிகை. அமெரிக்க, ஜெர்மன் பயனர்கள் 236 பேரை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பக்கங்களில் தெரிவது பெரும்பாலும் அவரவரின் உண்மையான சுபாவமே, பூசி மெழுகிய பிம்பம் அல்ல என்றது. ஒருவர் கலகலப்பானவரா என்பதைப் பக்கத்தைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை நேர்செய்யக் கலகலப்பு எதற்கு? பெண்களையோ வாடிக்கையாளர்களையோ பெயர் சொல்லி இழிவாக எழுதியிருந்தால் மட்டும் நான் நிச்சயம் கணக்கில் எடுப்பேன், ஏனென்றால் அது சுபாவத்தைப் பற்றிய ஊகம் அல்ல, அவர் செய்த செயல்.

தென்காசியிலிருந்து ஒருவர்:
இங்கே யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. நேர்காணலில் 'நீங்கள் என்ன ஆளுங்க?' என்று எந்த மேலாளரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். அவர் கேட்கவே வேண்டியதில்லை. குலதெய்வக் கோயில் கொடையில் எடுத்த ஒரு படம், பின்னால் தெரியும் ஃப்ளெக்ஸில் வரி கட்டியவர்களின் பெயர்கள், கீழே 'வாழ்த்துகள் மாப்ள' என்று எழுதும் உறவினரின் முகப்புப் படத்தில் ஒரு தலைவர்: விவரம் தெரிந்த கண்ணுக்கு இவையே சாதியைச் சொல்லிவிடும். மதமும், திருமணமும், கர்ப்பமும் அப்படியே. ஒருமுறை கண்ணில் பட்டதைப் பார்க்காததாக்க முடியாது. பிறகு 'ஏதோ சரிப்படவில்லை' என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளித்துக்கொள்ளலாம். சட்டமும் இங்கே துணைக்கு வராது: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தகவலுக்குப் பொருந்தாது.

இன்னொன்று, அவர் பார்த்தது அந்த ஆளின் பக்கம்தானா? நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டுமே. எஸ். கார்த்திக் என்று தேடினால் ஈரோட்டிலேயே எத்தனை பேர் வருவார்கள்!

மனிதவள ஆசிரியை:
தென்காசிக்காரர் சொன்னதுதான் முதன்மையானது. பார்த்தே தீரவேண்டும் என்றால், தேர்வில் பங்கில்லாத ஒருவர், ஆளை முடிவுசெய்த பிறகு, கரூர் நண்பர் குறிப்பிட்ட வகைப் பதிவுகள் உண்டா என்று மட்டும் பார்த்து, 'உண்டு', 'இல்லை' என்று சொல்லட்டும். ஆளை முடிவுசெய்ய, உங்கள் நிறுவனத்தின் பழைய மாதமொன்றின் கொள்முதல் பில்களைக் கொடுத்து, விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையோடு ஒப்பிட்டு விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டுக் கணக்கர்:
நன்றி. மேலாளரிடம் சாதியைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை. பில் சோதனையை மட்டும் சொன்னேன், ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை இருவரையும் வரச்சொல்லியிருக்கிறோம். விடைத்தாள்களில் பெயருக்குப் பதில் எண் போட்டு அவரிடம் கொடுக்கப்போகிறேன்.